நல்ல குலைக்குக் கட்டம் இல்லை

புக்கிட் ரோத்தானுக்கு வெளியே இருக்கும் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் சேது முப்பத்தொரு வருடம் பழம் பார்த்தார். லோரி கொட்டிய குவியலிலிருந்து நூறு குலைகளை இரும்புக் கொக்கியால் புரட்டிப் பார்க்க வேண்டும். காய், அழுகல், காம்பு நீளம் என்று ஒவ்வொரு குறைக்கும் தாளில் ஒரு கட்டம் உண்டு. நன்றாகப் பழுத்த குலைக்குக் கட்டம் கிடையாது. அது பேசாமல் உள்ளே போய்விடும்.

அந்த வேலையை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. குவியலில் பழம் தள்ளும் வேலைக்கு வந்தவர், பக்கத்தில் நின்று பார்த்தே கற்றுக்கொண்டார். தூரத்திலிருந்து நிறத்தை வைத்தே காயைச் சொல்லிவிடுவார். லோரிக்காரர்களுக்கு அவரிடம் பயமும் உண்டு, கிண்டலும் உண்டு.

“ஏண்ணே, பொண்ணு பாக்கப் போனப்பவும் இந்தக் கொக்கியோடதான் போனீங்களா?” என்று கேட்பான் லோரி ஓட்டும் சன்னாசி.

“என் கல்யாணத்த நீ பாக்க வேணாம் லா. ஒன் லோரில பதினாலு காய். அதப் பாரு.”

வீட்டிலும் அதே கண்தான். கல்யாணமான புதிதில் மனைவி லீலாவதி சோற்றைப் போட்டுவிட்டு, “எப்படி இருக்கு?” என்று கேட்பாள். உப்பு தூக்கல், கடுகு கருகிப்போச்சு என்று பதில் வரும். நன்றாக இருந்த நாளில் பதிலே வராது. ஒரு கட்டத்தில் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். எந்த வருடம் நிறுத்தினாள் என்பது சேதுவுக்குத் தெரியாது.

மகள் பிரேமலா ரவாங்கில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். போன தை மாதம் அங்கேயே வீடு வாங்கிப் பால் காய்ச்சினாள். தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்த குடும்பத்துக்கு அதுதான் முதல் சொந்த வீடு. கூடம் நிறைய ஆட்கள். சேது செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். வெறுங்காலால் தரையைத் தடவிப் பார்த்தார்.

“இங்க டைல்ஸ் தூக்கிக்கிட்டிருக்கு. அந்தக் கதவு சரியா சாத்தல. மேல பாரு, தண்ணி எறங்குன கறை. வாங்குறதுக்கு முன்னால என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

பால் டம்ளர்கள் அடுக்கிய தட்டோடு நின்ற பிரேமலா, “சரிப்பா,” என்றாள்.

அதன் பிறகு ஒன்பது மாதமாக அவரைக் கூப்பிடவில்லை. போன் செய்தால் அம்மாவோடு பேசிவிட்டு வைத்துவிடுவாள். தீபாவளிக்கும் வரவில்லை.

“நான் என்னா பொய்யா சொன்னேன்?” என்று சேது மனைவியிடம் கேட்டார்.

“பொய்யின்னு யாரு சொன்னா? ஒங்க மக வீடு என்னா லோரில வந்த பழமா, பொரட்டிப் பாக்க?”

வேலையை விட்டு ஓய்வில் இருந்தவருக்கு அந்தக் கேள்வி மனதைவிட்டுப் போகவில்லை. இனி தினமும் ஒரு நல்லதையாவது பார்த்துச் சொல்வது என்று முடிவு செய்தார். மறுநாள் சாப்பிட்டு முடித்ததும், “இன்னிக்கி சாம்பார்ல புளிப்பு ஜாஸ்தி இல்ல,” என்றார்.

லீலாவதி நிமிர்ந்து பார்த்தாள். “நல்லாருக்குன்னு சொல்ல வந்தீங்களா?”

“அதத்தான் சொன்னேன்.”

“அப்ப அதச் சொல்லுங்க.”

எளிதாக வரவில்லை. ஆனால் தேடிப் பார்க்கத் தொடங்கியதும் கண்ணில் படத்தான் செய்தது. வேலைக்குப் போன காலத்தில், ஆலையிலிருந்து எண்ணெய்க் கறையோடு வந்த சட்டை மறுநாளைக்கு வெளுத்துத் தயாராக இருக்கும். ஒரு நாள் தவறியதில்லை. அதற்கு அவள் எத்தனை நேரம் தேய்த்திருப்பாள் என்று அவர் இப்போதுதான் நினைத்துப் பார்த்தார். நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது.

ஒரு நாள் தானே மகளுக்குப் போன் செய்தார். “ஞாயித்துக்கெழம வரட்டுமாம்மா?”

அந்தப் பக்கத்திலிருந்து பிரேமலா சொன்னாள், “வாங்கப்பா.”

வாயிலிருந்து ஒரு குறை வரக்கூடாது என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, லீலாவதியோடு காரில் போய் இறங்கினார்.

பிரேமலா கதவைத் திறந்ததுமே, “இந்தக் கதவ இன்னும் சரி பண்ணலப்பா, ஆளு வரேன்னு சொல்லியிருக்கான்,” என்றாள். கூடத்துக்கு வந்ததும், “ஜன்னல் தெரச்சீல கொஞ்சம் குட்டையா போச்சி. தெரியும்,” என்றாள். இலையில் சோறு விழுந்தது. அவர் இன்னும் கை வைக்கவில்லை, அதற்குள் சொன்னாள்: “சோறு கொழஞ்சிருச்சிப்பா. மீன்ல காரம் பத்தாது.”

அவர் வருவதற்கு முன்பே தன் வீட்டை அவள் அவருடைய கண்ணால் மூலை மூலையாகப் பார்த்து வைத்திருக்கிறாள்.

ஒரு வாய் சாப்பிட்டார். “நல்லாருக்கும்மா. வீடும் நல்லாருக்கு.”

பிரேமலா கரண்டியோடு நின்றாள். “ம். அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணும் இல்லம்மா. நல்லாருக்கு.”

அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். லீலாவதி தலை குனிந்துகொண்டாள்.

“இன்னும் கொஞ்சம் போடு,” என்றார் சேது.

போட்டாள். “ஒக்காந்து நீயும் சாப்புடும்மா,” என்று சொல்லிப் பார்த்தார். “நீங்க சாப்புடுங்கப்பா,” என்றாள். அவர் கை கழுவும் வரை, அடுத்து என்ன வரப்போகிறதோ என்று அவர் முகத்தைப் பார்த்தபடியே அவள் நின்றுகொண்டிருந்தாள்.