முறை வைத்துப் பார்த்த கடல்

குலுக்கலில் நான் ஆசைப்பட்டது கிரைண்டருக்கு. எங்கள் தொழிற்சாலையின் குடும்ப விழாவில் பரிசுகளை மேடையில் அடுக்கி வைத்திருந்தார்கள். கிரைண்டர், குக்கர், மின்விசிறி எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தன. முதல் பரிசு மட்டும் ஓர் உறைக்குள் இருந்தது. என் வீட்டுக்காரரின் சீட்டைத்தான் அதற்கு எடுத்தார்கள். பிரித்துப் பார்த்தால் பொங்கல் சிறப்புக் கப்பல் பயணம், இரண்டு பேருக்கு. சென்னைத் துறைமுகத்தில் ஏறி, நடுக்கடல்வரை போய், பொங்கலன்று மதியம் ஏறின இடத்திலேயே இறங்கவேண்டும்.

"எந்த ஊருக்கும் போகாம சும்மா திரும்பி வர்றதுக்கு இன்னாத்துக்குங்க கப்பலு?" என்று கேட்டேன்.

அவர் உறையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். "நாம டெய்லி ஒரகடம் போய்ட்டு சும்மாதான திரும்பி வர்றோம்?" என்றார்.

நாங்கள் இருவரும் ஒரகடத்தில் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்கிறோம். வீடு படப்பையில். நான் காருக்குள் ஓடும் வயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்க்கும் லைனில் இருக்கிறேன். அவர் பிளாஸ்டிக்கை உருக்கி வார்க்கும் பிரிவில். மகள் சின்னவளாக இருந்தபோது, யாராவது ஒருவர் வீட்டில் இருக்கவேண்டுமே என்று எதிரெதிர் ஷிப்ட் கேட்டு வாங்கினோம். வார விடுமுறையும் ஆளுக்கொரு நாளாக விழுந்தது. நான் வந்து இறங்கும் பஸ்ஸில் அவர் ஏறி வீட்டுக்குப் போவார். நடுவில் விழும் கொஞ்ச நேரத்துக்குப் பக்கத்து வீட்டு அக்கா பிள்ளையைப் பார்த்துக்கொள்வார்.

தொழிற்சாலையில் ஒரு ஷிப்ட் முடிந்து அடுத்தவர் வரும்போது, மெஷின் பக்கத்தில் நின்று நடந்ததையெல்லாம் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பவேண்டும். எந்த மெஷின் மக்கர் பண்ணியது, எது தீர்ந்துவிட்டது, எதில் ஒரு கண் வைக்கவேண்டும் என்று சொல்வோம். ஒப்படைப்பு என்று அதற்குப் பெயர். பஸ் நிற்கும் இடத்தில் நாங்கள் நடத்திய குடித்தனமும் அதேதான். வீட்டுச் சாவியை அவர் கையில் கொடுத்துக்கொண்டே, "கேஸ் தீர்ந்துடுச்சி, பாப்பாக்கு ஜுரம், மருந்து ஃப்ரிட்ஜ் மேல கீது" என்பேன். அவர் தலையாட்டுவார். டிரைவர் ஹாரன் அடிப்பார். அவ்வளவுதான், அன்றைய பேச்சு முடிந்தது.

இப்போது மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். எதிரெதிர் ஷிப்டுக்கு இனிமேல் ஒரு காரணமும் இல்லை. விடுமுறைக்கு முன்பு எங்கள் லைன் லீடர் பெண் என்னிடம் வந்து, "அக்கா, ஷிப்ட்டெல்லாம் புதுசா போடறாங்க. மாமா ஷிப்ட்டே வோணும்னா பொங்கல் முடிஞ்சி வர்றப்போ சொல்லிடுங்க" என்றாள். பார்க்கலாம் என்றேன்.

எனக்குப் பயமாக இருந்தது. எங்களுக்குள் சண்டை கிடையாது என்று ஊரே சொல்லும். சண்டை போட நேரம் ஏது? வேலை முடிந்து ஒன்றாக வந்து, ஒன்றாகச் சாப்பிட்டு, எதிரெதிரே உட்கார்ந்தால் என்ன பேசுவோம்? நாலு வாக்கியத்துக்கு மேல் எங்களிடம் சரக்கு இருக்கிறதா? இதை யாரிடமும் கேட்கமுடியாது. அவரிடம் கேட்கவே முடியாது.

துறைமுகத்தில் கப்பலை முதலில் பார்த்தபோது அதைக் கப்பல் என்று எனக்குத் தெரியவில்லை. வெள்ளையாக ஒரு கட்டடம் நிற்கிறது, அதன் பின்னால் எங்கேயோ கப்பல் இருக்கும் என்று நினைத்தேன். அந்தக் கட்டடம் மெல்ல அசைந்தது. எங்கள் தொழிற்சாலையின் ஷெட்டு முழுவதையும் தூக்கித் தண்ணீரில் வைத்தாலும் இவ்வளவு இருக்காது. அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தது.

பழைய கப்பல். எத்தனையோ நாடுகளுக்கு ஓடி முடித்துவிட்டுக் கடைசியில் நம்மிடம் வந்திருக்கிறது. இரும்புச் சுவரில் பெயிண்டுக்கு மேல் பெயிண்டாக அடித்து, மூலைகளெல்லாம் மொழுக்கென்று ஆகியிருந்தன. ஒரு கதவின் மேல், பெயிண்டுக்கு அடியில் ஏதோ ஒரு பாஷையில் எழுத்துகள் புடைத்துக்கொண்டு தெரிந்தன. படிக்கட்டின் மரக் கைப்பிடி வழவழவென்று தேய்ந்திருந்தது. எந்தெந்த ஊர்க்காரர்கள் பிடித்துத் தேய்த்தார்களோ. நடைபாதையில் ஓர் இடத்தில் மேல்பலகையைக் கழற்றி வைத்து யாரோ பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே வயர்கள். என் தொடை கனத்துக்கு வயர் கட்டுகள், ஒவ்வொரு சாணுக்கும் ஒரு நூல் முடிச்சு. நான் வேலை செய்யும் பலகையில் கட்டுவதைப்போலத்தான். என்னைப்போல யாரோ ஒருத்தி எந்த நாட்டிலோ நின்றுகொண்டு முடிச்சுப் போட்டிருப்பாள். இன்றைக்கும் அது அவிழவில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, அங்கே நின்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

எங்கள் அறை கீழ்த்தளத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது. கதவின் பூட்டு பழசு, இரண்டு முறை இழுத்தால்தான் விழும், சில சமயம் அதற்கும் விழாது.

"பெட்டி கீது, உன் செயின் கீது. ஒருத்தர் ரூம்ல இருக்கலாம், ஒருத்தர் போய்ப் பாத்துட்டு வரலாம்," என்றார் அவர்.

"நீங்க மொதல்ல போங்க," என்றேன். இரண்டு பேருக்குமே அதில் ஒன்றும் விசித்திரமாகத் தெரியவில்லை.

அவர் மேலே போய்ச் சுற்றிவிட்டு வந்தார். கதவருகில் நின்று சொன்னார்: "ஏழாவது மாடில நீச்சல் தொட்டி கீது, தண்ணி உப்பு. சாப்பாடு ஹால் அஞ்சாவது மாடி. பின்பக்கம் காத்து ஜாஸ்தி, முந்தானைய சொருகிக்கோ." சாவி அட்டையை என் கையில் கொடுத்துவிட்டுக் கட்டிலில் படுத்தார்.

நான் மேலே போனேன். வெளிக்கதவைத் தள்ளினதும் காற்று முகத்தில் அடித்தது. கண்ணைத் திறந்தால், கரை இல்லை. நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஒரு மரமோ கோபுரமோ செல்போன் டவரோ எந்தப் பக்கமும் தென்படவில்லை. எங்கள் பக்கத்தில் ஏரி பார்த்திருக்கிறேன், மெரினாவில் அலை பார்த்திருக்கிறேன். அதெல்லாம் கடலின் வாசற்படி என்பது இங்கே வந்தபிறகுதான் தெரிந்தது. இவ்வளவு தண்ணீரும் யாரையும் கேட்காமல் இப்படியே இருந்துகொண்டிருக்கிறது, நான் தினமும் பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போயிருக்கிறேன். கைப்பிடிக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பயமில்லை. இவ்வளவு பெரியதைப் பார்க்க எனக்கு யார் அனுமதி கொடுத்தது என்று மட்டும் தோன்றியது.

கீழே போய் அவரிடம், "கரையே தெரில. தண்ணி கருநீலமா கீது," என்றேன். சொன்னபிறகு எதையோ பாதியில் விட்டுவிட்டதைப்போல இருந்தது.

மறுநாள் போகி. ஊரில் இருந்திருந்தால் விடியற்காலையில் பழசெல்லாம் எரிந்து தெருவே புகையாக இருக்கும். கப்பலில் நெருப்பே கூடாதாம். மேல்தளத்தில் கரும்புகளைக் கேபிள் டை போட்டுக் கம்பியில் கட்டியிருந்தார்கள். மாவுக்கோலம் பறந்துவிடும் என்று ஸ்டிக்கர் கோலம் ஒட்டியிருந்தார்கள். அதையும் நாங்கள் முறை வைத்துத்தான் பார்த்தோம். சாப்பாட்டு ஹாலுக்கும் முறை வைத்துத்தான் போனோம். சாப்பிட்டதும் நான் பழக்கதோஷத்தில் தட்டைத் தூக்கிக்கொண்டு கழுவும் தொட்டியைத் தேடினேன். பரிமாறுகிறவர் ஓடி வந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார்.

என் மேஜையில் தாம்பரத்திலிருந்து வந்த ஓர் அம்மாள் தன் கணவரோடு உட்கார்ந்திருந்தார். "நேத்து ராத்திரி சாப்பாட்டுக்கு ஒருத்தர் தனியா வந்தாரு. உங்க ரூம் நம்பர்தான் சொன்னாரு. இப்ப நீங்க தனியா வந்திருக்கீங்க. ரெண்டு பேருக்கும் கோவமாம்மா?" என்று கேட்டார்.

"கோவமெல்லாம் இல்லங்க. ரூம்ல ஆள் இருக்கணும்ல?"

"எதுக்கு?"

பெட்டியில் இருந்தது நாலு துணி. செயின் என் கழுத்தில் கிடந்தது. அந்த அம்மாள் தன் கணவரின் தட்டிலிருந்து அப்பளத்தை உடைத்து எடுத்துக்கொண்டார். அவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை. நடுக்கடலிலும் நாங்கள் ஷிப்ட் போட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. அறைக்குப் போனதும் சொல்லிவிடவேண்டும் என்று நினைத்தேன். போனால் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு தயாராக நின்றார். "கூட்டு நல்லா கீது, ரசம் வாணாம்," என்று சொல்லி அட்டையைக் கொடுத்தேன்.

பொங்கலன்று சூரியன் உதிக்கும் நேரத்துக்கு மேல்தளத்தில் பானை வைக்கப்போவதாக ஸ்பீக்கரில் அறிவித்தார்கள். முறைப்படி அது அவருடைய நேரம். குளித்துவிட்டு வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பினார். "பாத்துட்டு வந்து சொல்றேன்," என்றார். நான் விளக்கைப் போடாமல் படுத்திருந்தேன். ஜன்னல் இல்லாத அறைக்கு விடியலும் ஒன்றுதான், நடுப்பகலும் ஒன்றுதான். சூரியன் வரும் நேரத்தில் எங்களில் ஒருவர் லைனில் நிற்பார், மற்றவர் பஸ்ஸில் இருப்பார், இல்லை தூங்கிக்கொண்டிருப்பார். இத்தனை வருடத்தில் ஒரு விடியலைக்கூடச் சேர்ந்து பார்த்ததில்லை. இதையும் நாலு வாக்கியத்தில் கேட்டுக்கொள்ளப்போகிறேன் என்று நினைத்ததும் அழுகை வந்தது. அழுதேன்.

கதவு தடாலென்று திறந்தது. அவர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

"இன்னாச்சி?" என்று எழுந்து உட்கார்ந்தேன்.

"வா."

"சொல்லுங்க. எப்பிடி கீது?"

அவர் வாயைத் திறந்தார். எந்த மெஷினில் என்ன கோளாறு என்று கண் மூடித் திறப்பதற்குள் சொல்லிவிடுகிற மனிதர். கையைத் தூக்கி எதையோ காட்டப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார். "சொல்ல வர்ல. நீ வா. இன்னும் வெளிய வர்ல, வரப்போவுது."

"கதவு?"

"கெடக்கட்டும்."

லிஃப்டுக்கு நிற்காமல் படியேறி ஓடினோம். என் முடி அவிழ்ந்து கிடந்தது, காலில் செருப்பு இல்லை. மேல்தளத்தில் அவ்வளவு கூட்டம், ஆனால் சத்தமே இல்லை. வானமும் கடலும் ஒரே செம்மையாக இருந்தன. எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. பிறகு ஓர் இடத்தில் தண்ணீரின் விளிம்பில் தீ பிடித்தது. ஷெட்டுக்கு மேலேயும் லாரிக்குப் பின்னாலேயும் கம்பிக்கு நடுவிலேயும் பார்த்துப் பழகிய சூரியன், எதன் பின்னாலும் ஒளியாமல், நேரே தண்ணீரிலிருந்து எழுந்து வந்தது. அது ஏறுவது கண்ணுக்குத் தெரிந்தது. எங்கள் காலடிவரைக்கும் கடல் முழுக்க ஒரு பாதை பளபளத்தது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார், வலித்தது, விடச் சொல்லவில்லை. மின்சார அடுப்பில் பானை பொங்கியது. யாரோ குரல் எடுக்க, எல்லோரும் சேர்ந்து பொங்கலோ பொங்கல் என்று சொன்னோம்.

வெளிச்சம் அவர்மேல் விழுந்தது. காதுக்குப் பின்னால் கழுத்தோரம், விரல் நீளத்துக்குப் பளபளப்பாக ஒரு தழும்பு. நான் பார்த்ததே இல்லை.

"இது எப்ப?"

அவர் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அது ஆச்சி ரொம்ப நாளு. சூடு பிளாஸ்டிக் தெறிச்சிது."

"சொல்லவே இல்லியே?"

"சொல்லலாம்னுதான் வந்தேன். பாப்பாக்கு அம்மைன்னு சொல்லிகினே பஸ்ஸ வுட்டு எறங்கின. அதுக்குள்ள ஹாரன் அடிச்சிட்டான்."

நான் அந்தத் தழும்பின்மேல் கையை வைத்தேன். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள், இருக்கட்டும். பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று பயந்தேனே, ஹாரன் அடித்தபோதெல்லாம் விழுங்கினது அத்தனையும் இருக்கிறது.

"ஒரே ஷிப்ட் தர்றாங்களாம். கேக்கட்டா?" என்றேன்.

அவர் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார்.

"அப்போ சாவிய யார்கிட்ட குடுக்கிறது?" என்றார்.

மதியம் கரை வந்தது. முதலில் கிரேன்கள், பிறகு கட்டடங்கள், பிறகு சத்தம். கப்பலை விட்டு இறங்கியதும் அந்த வெள்ளைச் சுவரைத் திரும்பிப் பார்த்தேன். அடுத்த கூட்டத்தை ஏற்றிக்கொள்ள அது பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது.

விடுமுறை முடிந்த அன்றே லைன் லீடரிடம் சொல்லிவிட்டேன். புது ஷிப்ட் தொடங்கிய காலையில் இருவரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஒன்றாகப் பஸ் ஏறினோம். பக்கத்து வீட்டு அக்கா வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தார். தொழிற்சாலையில் பஸ் நிற்கும் இடத்தில் இறங்கியதும் என் கை தானாகப் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டியது. நீட்டியபிறகுதான் அசட்டுத்தனம் புரிந்தது. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் வேறு யாரோ ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர் எனக்குப் பின்னால் இறங்கி நின்றார்.

அவர் சிரிக்கவில்லை. சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "கேஸ நிறுத்திட்டேன். மோட்டார் ஆஃப். மொட்டமாடில துணி காயுது. ராத்திரிக்கு தோச மாவு கீது, ரெண்டு பேருக்கும் போதும்," என்றார்.

அவர் கேஸை நிறுத்தும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன். துணியைக் காயப்போட்டதும் நான்தான். இருந்தாலும் அவர் சொல்லி முடிக்கும்வரை நின்று கேட்டுக்கொண்டேன்.