எர்த் அடிக்குது

மிக்சியையோ கிரைண்டரையோ தொட்டதும் சுருக்கென்று கை கூசினால் எங்கள் பக்கத்தில் 'எர்த் அடிக்குது' என்பார்கள். யார் ஆரம்பித்து வைத்த பேச்சோ, அந்த மகராசன் நன்றாக இருக்கட்டும். கேட்டால் இன்றும் வயிறு எரிகிறது.

நான் நாலாவது படிக்கும்போது கெடாரில் எங்கள் வீட்டுக் கிரைண்டர் எர்த் அடித்தது. அம்மா ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு மாவாட்டினாள். ஒயர்மேனைக் கூப்பிடச் சொல்லி அப்பாவை நச்சரித்தாள். ஒயர்மேனோ திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்து வேலையில் மாட்டியிருந்தார். போனிலேயே சொன்னார்: "பல்பு மாத்திக்கலாம், மெயின ஆப் பண்ணிட்டு பீஸ் போட்டுக்கலாம். அதுக்கு மேல நீங்க கை வெக்கக்கூடாதுங்க. லைசென்ஸ் இருக்கறவங்கதான் தொடணும், சட்டமே அதான்."

ஷேர் ஆட்டோ ஓட்டிய அப்பா வண்டி ஒயரிங்கை எல்லாம் தானே பார்த்துக்கொள்பவர். ரோஷம் வந்துவிட்டது.

"என் ஊட்டு ஒயர தொட எனக்கு இன்னாத்துக்கு லைசென்சு?"

அவர் கணக்கு சுலபமானது. அடிப்பது எர்த். எர்த் என்றால் பச்சை ஒயர். பச்சையை அறுத்துவிட்டால் எதை வைத்து அடிக்கும்? மறக்காமல் மெயினை அணைத்துவிட்டு, பிளக்கைப் பிரித்து அறுத்தார். அந்த மட்டும் ஜாக்கிரதைக்குக் குறைவில்லை.

அடிப்பது நின்றுவிட்டது. வேறெங்கோ இருந்த கரண்ட் கசிவு பச்சை ஒயர் வழியாகக் கிரைண்டருக்கு வந்திருக்கிறது என்பது இப்போது எனக்குத் தெரியும். அன்று அம்மாவே அப்பாவை மெச்சினாள். செருப்பைக் கழற்றிப் போட்டாள். ஒயர்மேனை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஐப்பசி மழையில் கிரைண்டருக்குள்ளேயே ஒரு ஒயர் நைந்து அதன் இரும்பு உடம்பில் உரசியது. பச்சை ஒயர் இருந்திருந்தால் கரண்ட் அதன் வழியே மண்ணுக்குப் போயிருக்கும், பீஸும் போயிருக்கும். அது இல்லாததால் ஈரக் கையோடு மாவை வழித்த அம்மா வழியாகப் போனது.

கூடத்தில் அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். வந்தவர்களெல்லாம் எர்த் அடித்துவிட்டதாம் என்றே பேசிக்கொண்டார்கள். அப்பாவின் வேலையைக் குறை சொல்கிறார்கள் என்று எனக்குக் கோபம் வந்தது. மாலையோடு வந்து நின்ற ஒயர்மேனிடம், எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னேன்:

"எர்த் எப்டி அடிக்கும்? எங்கப்பா அத அப்பவே அறுத்துட்டாரே."

அழுதுகொண்டிருந்த அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அம்மாவைக் காப்பாற்ற அவ்வளவு செய்த மனிதரை ஒருவர்கூட ஏன் நல்லபடியாக ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று எனக்கு விளங்கவே இல்லை.