பதினோராவது கல்லூரி

நகல் எந்திரத்தின் பக்கக் கதவைத் திறந்து, முழங்கை வரை கையை உள்ளே விட்டு, உருளைகளுக்கு நடுவே கசங்கிக் கிடக்கும் தாளை உருவி எடுக்கிறார் மெஷின் அக்கா. எடுத்ததைக் குப்பையில் போட மாட்டார். முழங்கால் மேல் வைத்து இரண்டு கையாலும் நீவி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்துவிடுவார். பின்னால் வரிசையில் நிற்கும் மாணவர்கள் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பார்கள்.

"இருங்கப்பா, நல்ல எடத்துல வந்து நிக்குது" என்பார், தலை நிமிராமல்.

நூலகரிலிருந்து தோட்டம் பெருக்குகிறவர் வரை எல்லாருக்கும் அவர் மெஷின் அக்காதான். வயது நாற்பத்தேழு. தோளில் தொங்கும் கருவிப் பையில் திருப்புளிகளோடு ஒரு சீப்பும் இருக்கும். எந்திரத்துக்குள் தலையை விட்டு எடுத்தால் கூந்தல் கலையாமல் என்ன செய்யும்? பள்ளி இறுதியோடு படிப்பு நின்றுபோய், ஒரு கடையில் நகல் எடுத்துக் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தவர். அங்கே எந்திரம் நின்றால் கம்பெனி ஆள் வர மூன்று நாள் ஆகும். மூன்றாவது முறை நின்றபோது பொறுமை போய் அவரே பிரித்துப் பார்த்துவிட்டார். ஆள் வந்து சேர்ந்தபோது எந்திரம் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. வந்தவர் கம்பெனியில் சொல்லி அவருக்கு வேலை வாங்கிக் கொடுத்தார். அதே வருடம் அவரையே கல்யாணமும் செய்துகொண்டார். "மெஷினைப் பாக்க வந்த மனுஷன், என்னையப் பாத்துட்டாரு" என்று இன்றைக்கும் சிரிப்பார்.

அவர் பொறுப்பில் நான்கு பிராந்தியங்கள், பதினோரு கலைக் கல்லூரிகள். மலைப்பக்கம் மூன்று, ஆற்றுச் சமவெளியில் நான்கு, தலைநகரில் மூன்று, கடலோரத்தில் ஒன்று. வரலாறு, தத்துவம், கணிதம், இசை என்று எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் கற்பிக்கும் இடங்கள். எது உயர்ந்தது, எது மட்டம் என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், அக்காவுக்கு உற்சாகம் கரைபுரளும். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் கேட்டாலும் சரிதான்.

"போர்டுல ஆயிரம் எழுதி வச்சிருப்பான். உண்மையில என்ன படிக்கிறாங்கங்கறது மெஷின் வயித்துக்குள்ளதான் இருக்கும்."

மலையுச்சிக் கல்லூரிக்கு முதலிடம். அங்கே சிக்கும் தாள்களில் ஓரமெல்லாம் பென்சில் குறிப்புகள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் அடித்துத் திருத்தி, அதற்குக் கீழே மூன்றாமவர் இரண்டு பேரையும் திட்டியிருப்பார். தலைநகரின் பெரிய கல்லூரிக்கு ஆறாமிடம். அங்கே வருடம் முழுக்க ஒரே தேர்வுக் குறிப்பு, அதே கையெழுத்து, நகலுக்கு நகல் எடுத்து எழுத்தே தேய்ந்துபோனது. கடலோரக் கல்லூரிக்குப் பதினோராமிடம். நான்கு வருடத்தில் அந்த எந்திரத்தில் ஒரு தாள்கூடச் சிக்கியதில்லை. "சிக்கறதுக்கு ஓடணுமே! தூசி தட்டி, கையெழுத்து வாங்கிட்டு வர்றதுதான் என் வேலை. அந்தப் புள்ளைங்க புத்தகத்தைத் தலைக்கு வச்சுத் தூங்குதுங்க போல."

இந்த வருடம் அவருடைய மகளே கல்லூரிக்குப் போகும் முறை. வரலாறும் வேண்டும், கணக்கும் வேண்டும், இரண்டில் எதையும் விடமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிற பெண். மலையுச்சி, தலைநகரம், கடலோரம் மூன்றிலும் இடம் கிடைத்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை, மெஷின் அக்காவின் கூடப்பிறந்த அக்கா வீட்டுக்காரர் வந்து இறங்கினார். வங்கி மேலாளர். எந்தப் பேச்சுக்கும் கையில் காகிதத்தோடு வருகிறவர். பத்திரிகையில் வந்த கல்லூரித் தரவரிசையை மேசைமேல் விரித்தார்.

"தலைநகரத்துல சேத்துடும்மா. இதுல மொத எடம் பாரு."

"அத்தான், இந்த லிஸ்ட்டுப் போட்டவரு அந்த மெஷினைத் தொறந்து பாத்திருப்பாரா?"

"காலேஜைப் பத்திப் பேசுனா நீ மெஷினைப் பத்திப் பேசுற!"

இருவரும் ஒரு மணி நேரம் மல்லுக்கு நின்றார்கள். கடைசியில் மகள் வாயைத் திறந்தாள். "நான் கடலோரக் காலேஜைப் பாக்கப் போறேன். ரெண்டையும் சேத்துப் படிக்கலாமான்னு மூணு எடத்துக்கும் எழுதிக் கேட்டேன். அங்க மட்டும்தான் ஒரு ப்ரொஃபசர் ரெண்டு பக்கம் கைப்பட எழுதிப் பதில் போட்டிருக்காங்க."

"பதினோராவதா?" என்றார் அக்கா. "லிஸ்ட்லயே இல்லையேம்மா!" என்றார் அத்தான். அன்றைக்கு முதன்முதலாக இருவரும் ஒரே கட்சி.

"அம்மா, நீ எல்லாக் காலேஜையும் பின்வாசல் வழியாவே பாத்திருக்க. ஒரு தடவ என்கூட முன்வாசல் வழியா வா."

அக்கா போனை எடுத்து, செவ்வாய்க்கிழமைக்கு லீவு சொன்னார். அப்படி நடப்பது அபூர்வம்.

செவ்வாய்க்கிழமை காலை ரயிலேறி, பஸ் மாறி, பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கருவிப் பை இல்லாததால் அக்கா ஒரு பக்கம் சாய்ந்தே நடந்தார். நூலகத்தைத் தாண்டும்போது, துணி போர்த்திய எந்திரத்தைப் பார்த்ததும் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பியது. மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

வகுப்பறையில் ஒரு நீள மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு மாணவர்கள். கடிதம் எழுதிய பேராசிரியை இருவரையும் வரவேற்று, அவர்களுக்கும் நாற்காலி போட்டார். ஒவ்வொரு மாணவர் முன்னாலும் ஒரு தாள். எல்லாம் கையால் எழுதியவை.

"பாடத்தை ஆளாளுக்குக் கையால எழுதிட்டு வரணும்ங்கறது எங்க வழக்கம்" என்றார் பேராசிரியை. "எழுதும்போது தூங்க முடியாது பாருங்க."

நான்கு வருடம் அந்த எந்திரத்தின் மேல் துடைத்த தூசி முழுக்கத் தன் முகத்தில் அப்பியதுபோல் இருந்தது அக்காவுக்கு.

பாடம், பழைய கலங்கரை விளக்கக் காவலர் ஒருவரின் நாட்குறிப்பு. ஒரு மாதம் முழுக்கத் தினமும் ஒரே வரி: 'காற்று இல்லை, கப்பல் இல்லை.' பதினேழாம் தேதி மட்டும் காணோம். ஏன்? உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கும் என்றான் ஒரு மாணவன். எழுதக் கூடாத கப்பல் ஏதோ வந்திருக்கும் என்றாள் இன்னொருத்தி. அசல் பக்கத்தின் புகைப்படம் கை மாறிக் கை மாறி அக்காவிடம் வந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"ஏங்க, நான் ஒண்ணு சொல்லலாமா?"

"சொல்லுங்கம்மா."

"இது தினம் தினம் எழுதினது இல்லீங்க. மொத வரியிலேர்ந்து கடைசி வரி வரைக்கும் எழுத்து ஒரே சாய்வு, ஒரே அழுத்தம். மாசம் பூரா எழுதினா ஒரு நாளாவது கை மாறும். இவரு கடைசி நாள் உக்காந்து முப்பது நாளையும் ஒரே மூச்சுல எழுதித் தள்ளிட்டாரு. அவசரத்துல பதினேழு விட்டுப்போச்சு." குரலைத் தாழ்த்தினார். "எங்க சர்வீஸ் ரிப்போர்ட்டுலயும் இப்படி நடக்கும். நானே பண்ணிருக்கேன்."

வகுப்பே சிரிப்பில் அதிர்ந்தது. பேராசிரியை புகைப்படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஆறு வருஷமா இந்தப் பக்கத்த நடத்தறேன்" என்று மட்டும் சொன்னார்.

"அப்ப அந்த மாசம் நெஜமாவே காத்து இல்லையா, இருந்துச்சா?" என்று கேட்டான் முதல் மாணவன்.

"மத்த மாசங்களையும் எண்ணிப் பாக்கலாமே" என்றாள் மகள், தானும் விருந்தாளி என்பதை மறந்து. "ஒரே வரி தொடர்ந்து எத்தன நாள் வருது, எப்ப மாறுதுன்னு கணக்குப் போட்டா, எதெல்லாம் மொத்தமா எழுதினதுன்னு பிடிச்சுடலாம்." எழுந்து போய்ப் பலகையில் கட்டம் போட ஆரம்பித்துவிட்டாள். மணி அடித்தது; ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஆளுக்கு ஒரு மாதமாகப் பிரித்துக்கொண்டார்கள். சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்கு வந்து உட்காருவதாகப் பேச்சு.

தாயும் மகளும் வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். முகமெல்லாம் உப்புக்காற்று அடித்தது.

"நான் இங்கதாம்மா சேரப் போறேன்."

"தெரியுது. நீ எழுந்து போர்டுக்கிட்ட போனப்பவே தெரிஞ்சுபோச்சு."

"பெரியப்பாகிட்ட என்ன சொல்லுவ?"

"லிஸ்ட்டுப் போட்டவனுக்கும் எனக்கும் ஒரே வியாதின்னு சொல்லுவேன்" என்ற அக்கா, "அந்த வெளக்குக் காவல்காரரு அடுத்த மாசம் என்ன பண்ணிருப்பாரு? அதையும் மொத்தமாத்தான் எழுதிருப்பாரோ?" என்றார்.

வளைவில் பஸ் தெரிந்தது. மகள் நிறுத்தச் சொல்லிக் கையை நீட்டினாள். கல்லூரி வாசலைப் பார்த்து ஏற்கெனவே பாதி திரும்பிவிட்டிருந்த அக்கா, நீட்டிய கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.