மிக்ஸிங் மட்டும்

கடலூரில் குடிக்கிறவனுக்குப் பாண்டிச்சேரி கொல்லைப்புறம் மாதிரி. என் வீட்டுக்காரர் வருஷக்கணக்கில் அந்தக் கொல்லைப்புறத்துக்குப் போய் வந்தவர். 2006-ல் கண்ணெல்லாம் மஞ்சளாகி ஆஸ்பத்திரியில் கிடந்தார். இனி ஒரு சொட்டு உள்ளே போனாலும் ஈரல் தாங்காது என்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார், அவர் காதில் விழட்டும் என்று சத்தமாக.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் சரக்கைக் கேட்கவில்லை. சாயங்காலமானால் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல்தான் தவித்தார். கல்யாணம், காதுகுத்து எதற்குப் போனாலும் ஆம்பளைகள் ஒரு மூலையில் ஒதுங்குவார்கள்; இவர் பெண்கள் பக்கம் வந்து பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பார்க்க வயிறு எரியும். இந்த மனுஷன் கையில் ஒரு டம்ளர் வேண்டும், அதில் நுரை பொங்க வேண்டும், அவ்வளவுதானே என்று நான் ஆரம்பித்தேன்.

சாதாரண நாளுக்கு எலுமிச்சை, இஞ்சிச் சாறு, உப்பு, மேலே சோடா. தீபாவளிக்குக் கறுப்புத் திராட்சை. பிள்ளைகள் பிறந்தநாளுக்கு நன்னாரி. சாவு வீட்டுக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்தால் இனிப்பே இல்லாத உப்பு சோடா. சோடாவைக் கடைசியில், டம்ளரைச் சாய்த்து ஊற்ற வேண்டும். அதற்குப் பிறகு கரண்டி போடக் கூடாது, காற்று போய்விடும். இதெல்லாம் அவர் சொல்லிக்கொடுத்ததுதான். எங்கே கற்றார் என்று நான் கேட்க வேண்டுமா என்ன! சரக்கில் ஊற்றும் சோடாவுக்குக் குடிக்கிறவர்கள் பாஷையில் மிக்ஸிங் என்று பெயர். யார் எது கொடுக்க வந்தாலும், "எனக்கு மிக்ஸிங் மட்டும்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

2009 கோடையில் சிதம்பரத்தில் என் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசம். தம்பியின் மாமனார் ஊர் காடாம்புலியூர், அங்கே முந்திரித் தோப்பு. குடியை விட்ட மாமாவுக்கென்று ஏதாவது செய்ய வேண்டும் என்று தம்பிக்கு ஆசை. முந்தின நாளே முந்திரிப் பழத்தைப் பிழிந்து, தொண்டை கமறாமலிருக்க உப்புப் போட்டு, சர்க்கரை சேர்த்து, பெரிய பாட்டில்களில் மூடி பஸ்ஸில் கொண்டுவந்திருந்தான். வெயிலில் பாட்டில் உப்பிக் கிடந்தது. சாப்பாடு முடிந்து மூடியைத் திருகினதும் புஸ்ஸென்று நுரை பொங்கி அவன் சட்டையெல்லாம் நனைந்தது.

"அக்கா, சோடாவே வேணாம் போலருக்கு. தானா பொங்குது பாரு," என்றான். சரக்கு வாடையே அறியாத பயல், அவனுக்கு என்ன தெரியும். முதல் டம்ளர் மாமாவுக்குத்தான் என்று நீட்டினான்.

இவர் வாங்கி வாய்க்குக் கிட்டே கொண்டுபோனார். நின்றார். மறுபடி முகர்ந்தார். கண்ணை மூடினார். அந்த முகம் எனக்குப் பழைய முகம். பழச்சாறு புளித்துக் கள்ளாகிவிட்டிருக்கிறது. அங்கே அது அவருக்குத் தெரியும், அவர் முகத்தைப் பார்த்த எனக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. குடித்திருந்தால் ஒருத்தரும் குறை சொல்ல முடியாது. பழ ஜூஸ்தானே, கொடுத்ததும் மச்சான்தானே.

பிடுங்கக் கை போனது. பிடுங்கவில்லை. இன்றைக்குப் பிடுங்கலாம், நாளைக்கு நான் எங்கே இருப்பேனோ. கடவுளே, இவரே கீழே வைக்கட்டும் என்று நின்றேன்.

"மச்சான், இது புளிச்சிடுச்சிப்பா. புள்ளைங்களுக்குக் குடுத்துடாத," என்றார்.

தம்பி முகம் சுருங்கிப்போனது. இவர் பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனார். நான் கூடவே போனேன். எல்லாவற்றையும் மண்ணில் கவிழ்த்தார். காலியாகும்வரை முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். தன் டம்ளரைத்தான் கடைசியாகக் கொட்டினார். குழாயில் அதை வாடை போகும்வரை திரும்பத் திரும்பக் கழுவினார்.

கழுவின டம்ளரை என்னிடம் நீட்டினார்.

"மிக்ஸிங் மட்டும் ஊத்து," என்றார். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.