பலெர்மோவில் வாசித்த பதினோராம் அதிகாரம்

சிசிலிக்குப் போக இருக்கும் சிலர் அண்மையில் என்னிடம் வழி கேட்டார்கள். நான் முதன்முதலில் அங்கே போனது தொண்ணூற்றாறாம் ஆண்டு, தவக்காலம் முடியும் தறுவாயில். அப்போது இத்தாலியில் லீராக் காசு. ஆகவே இதில் வரும் விலைகளை நம்ப வேண்டாம். வழியை நம்பலாம்.

போனதற்கு இரண்டு காரணங்கள். என் தங்கை ஜெசிந்தா கணவரோடும் நாலு வயது மகளோடும் பலெர்மோவில் இருந்தாள். நாங்கள் மன்னார்க் கத்தோலிக்கர். அவள் விரும்பிக் கட்டிய சிவம் யாழ்ப்பாணத்துச் சைவர். ஒருநாள் டோர்ட்முண்டில் இருந்த எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அக்கா, இவரின்ரை அம்மா செத்து மூண்டு கிழமையாகுது. ஒரு சொட்டுக் கண்ணீர் விடேல்லை. வேலைக்குப் போறார், வாறார். ஒருத்தரோடையும் கதைக்கிறாரில்லை. ஒருக்கால் வாங்கோ."

இரண்டாவது காரணம் அவர்களுடைய பங்குக் கோவிலில் பாதிரியாராக இருந்த தமிழ்ச் சுவாமி. நான் ஜெர்மனியில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி படிப்பிப்பவள் என்று ஜெசி சொல்லியிருக்கிறாள். "அக்கா வந்தால் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு முதல் யோவான் நற்செய்தியைச் சனத்துக்கு அறிமுகம் செய்து வைக்கட்டும்" என்று அவர் கேட்டிருந்தார். சின்ன வயதில் அருளப்பர் என்று நாங்கள் படித்த அதே யோவான்தான். எனக்குப் பெரிய சந்தோசம். அதைப் பற்றி ஒரு நீண்ட உரையே எழுதிக்கொண்டு வெளிக்கிட்டேன்.

ரோமிலிருந்து பலெர்மோவுக்கு ரயில் பன்னிரண்டு மணித்தியாலம் ஓடியது. சப்பாத்து வடிவான இத்தாலியின் கால்விரல் முடிகிற இடத்தில் ரயில் பெட்டிகளைக் கழற்றி, தண்டவாளத்தின் வழியே கப்பலுக்குள் தள்ளி ஏற்றுவார்கள். பெட்டிக்குள்ளேயே இருந்துவிடாதீர்கள். படியேறி மேல்தளத்துக்குப் போங்கள். அங்கே பொரித்த சோற்றுருண்டை விற்பார்கள், அரஞ்சினா என்று பெயர். விடியற்காலைக் கடல்காற்றில் சுடச்சுட அதைத் தின்றது இன்னும் நாக்கில் நிற்கிறது. மெசினாவில் இறங்கிய பிறகு வலப்பக்கத்து யன்னலோரம் பிடியுங்கள். பலெர்மோ வரை கடல் கூடவே வரும்.

நிலையத்துக்குச் சிவம் வந்திருந்தார். "வாங்கோ மச்சாள், பயணம் எப்பிடி?" என்று கேட்டு என் பையை வாங்கினார். அதற்குமேல் வீடு வரும்வரை ஒரு கதையும் இல்லை. வுச்சீரியாச் சந்தைக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் அவர்களுக்கு இரண்டு அறை. சந்தையில் வாள்மீனின் தலையை மூக்கு மேலே பார்க்க நிறுத்தி வைத்திருப்பார்கள். அதைக் கடந்து போகும்போதும் அவர் தலை நிமிரவில்லை.

விசயத்தை ஜெசிதான் குசினியில் வைத்துச் சொன்னாள். தாய் யுத்தத்தால் இடம்பெயர்ந்து போன ஊரிலேயே காய்ச்சலில் இறந்துபோனா. சிவத்துக்குச் சேதி கிடைத்தபோது எரித்தும் முடிந்துவிட்டது. முன்னமே தெரிந்திருந்தாலும் போயிருக்க முடியாது. பெர்மெஸ்ஸோ, அதுதான் வதிவிட அனுமதி, புதுப்பிக்கக் கொடுத்துக் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையகத்தில் கிடந்தது. மூத்த பிள்ளை அவர். கொள்ளி வைத்தது பக்கத்து வீட்டுப் பெடியன்.

சனிக்கிழமை சிவத்துக்கு வேலை இல்லை. லிபெர்த்தா வீதியில் ஒரு வயதான ஐயாவைப் பார்க்கிற வேலை அவருக்கு. அந்த வீட்டு எசமானி, சிஞ்ஞோரா, லீவு கொடுத்திருந்தா. "மச்சாளை மொன்றேயாலேக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்று ஜெசி எங்கள் இருவரையும் அனுப்பிவைத்தாள். இந்திபெந்தென்சாச் சதுக்கத்திலிருந்து பஸ், ஆயிரத்தைந்நூறு லீரா. எட்டுக் கிலோமீற்றர் தூரம் மலையேறிப் போகும்.

அங்கேயுள்ள பழைய பேராலயத்துக்குள் போனால் முதல் கண்ணுக்குப் படுவது ஒரே முகம்தான். பலிபீடத்துக்கு மேலே, வளைந்த சுவர் முழுவதும் பொன்னிறக் கண்ணாடிச் சில்லுகளால் பதித்த கிறிஸ்து. அவருடைய ஒரு கையே ஓர் ஆள் உயரம் இருக்கும். மற்றக் கையில் விரித்த புத்தகம். ஒரு பக்கம் கிரேக்கம், மறு பக்கம் இலத்தீன்.

"அதிலை என்ன எழுதியிருக்கு?" என்று சிவம் கேட்டார். வந்ததிலிருந்து அவராகக் கேட்ட முதல் கேள்வி.

"உலகத்துக்கு ஒளி நான்தான் எண்டு. யோவான் எழுதினதிலை வாறது."

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. நற்செய்திகள் நாலு, மற்ற மூன்றும் மூதாதையர் வரிசையிலோ பிறப்பிலோ ஆற்றங்கரையிலோ தொடங்கும் என்றேன். யோவான் மட்டும் உலகம் உண்டாக முந்தியே தொடங்குவார். கடவுளோடு ஒரு வாக்கு இருந்தது, அந்த வாக்கே கடவுள், அதுதான் மனிசனாகி எங்களுக்குள்ளே குடியிருந்தது என்று சொல்லுவார். கடைசியில், உயிர்த்ததை நம்பமாட்டேன் என்று நின்ற சீடர் தோமையாரே இயேசுவைக் கடவுள் என்று கூப்பிடுவார். தொடக்கமும் முடிவும் ஒரே சாட்சி. இப்படி நான் எழுதிவைத்திருந்த உரை முழுவதையும் கோவிலுக்குள் நின்றே ஒப்புவித்தேன்.

சிவம் மரியாதையாகக் கேட்டார். பிறகு அந்த முகத்தைப் பார்த்தபடி, "இவ்வளவு பெரிய ஆளிட்டை நான் போய் என்னத்தைக் கதைக்கிறது மச்சாள்?" என்றார்.

பஸ்ஸில் இறங்கி வந்தோம். அன்று பின்னேரம் என் உரையை மேசையில் வைத்துப் பார்த்தேன். அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் தாய்க்குக் கொள்ளி வைக்க முடியாமற்போன ஒருவருக்கு அதில் உட்கார ஓர் இடமும் இல்லை. அடுத்த நாளுக்குரிய வாசகம் பதினோராம் அதிகாரம், இயேசுவின் சிநேகிதன் இலாசர் இறந்த கதை. அதையே திருப்பித் திருப்பி வாசித்தேன்.

ஞாயிறு பின்னேரப் பூசைக்குக் கோவில் நிரம்பிவிட்டது. எல்லாரும் வீட்டு வேலை, கடை வேலை செய்கிற எங்கள் சனம். சிவம் மகள் மெலனியை மடியில் வைத்துக்கொண்டு பின்வாங்கில் இருந்தார். நான் சுருக்கமாகத்தான் பேசினேன். இயேசுவைக் கடவுள் என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லுகிற நற்செய்தி இது. ஆனால் அவர் ஒரு சிநேகிதனின் கல்லறைக்கு முன்னால் அழுததை எழுதிவைத்ததும் இதே யோவான்தான். மற்ற மூவரும் அதை எழுதவில்லை. கடவுள் என்று தெரிந்துகொண்டேதான் யோவான் அந்தக் கண்ணீரையும் எழுதினார் என்றேன்.

பிறகு சுவாமி வாசகத்தை வாசித்தார். நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் செத்திருக்கமாட்டான் என்று இலாசரின் சகோதரி மார்த்தா இயேசுவிடம் முறையிடும் இடம் வந்தது. சிவம் எழும்பி, பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். ஜெசி பயந்துபோய் என்னைப் பார்த்தாள். நான் பின்னால் போனேன்.

கோவில் படியில் இருந்து அழுதுகொண்டிருந்தார். மெலனி அவருடைய தாடையைப் பிடித்து, "பாப்பா, பெர்க்கே பியாஞ்சி?" என்று, அப்பா ஏன் அழுகிறாய் என இத்தாலியனில் கேட்டாள்.

"அப்பம்மாவை நினைச்சனான்" என்றார். பிள்ளைக்கு அப்படி ஓர் ஆளையே தெரியாது.

நானும் பக்கத்தில் இருந்தேன். அவரே கதைத்தார்.

"அந்தப் பொம்பிளை கேட்டது மாதிரி அம்மாவும் கேட்டிருப்பா, மச்சாள். ஏன் வரேல்லை எண்டு."

"கேட்டிருப்பா."

"இயேசுவும் பிந்தித்தானே போனவர்?"

"ஓம். நாலு நாள் பிந்தி."

"போய் என்ன செய்தவர்?"

"அவவுக்கு மறுமொழி சொன்னவர். பிறகு எங்கை வைச்சிருக்கிறியள் எண்டு கேட்டு, அழுதவர். அதுக்குப் பிறகுதான் செத்தவனை உயிரோடை எழுப்பினவர்."

"கடவுளாய் இருந்துகொண்டோ?"

"கடவுளாய் இருந்துகொண்டுதான்."

அவர் சால்வையால் முகத்தைத் துடைத்தார். "இவரோடை எண்டால் கதைக்கலாம்" என்றார்.

இதற்குப் பிறகு சிவம் ஞானஸ்நானம் எடுத்தார் என்று நினைப்பீர்கள். ஜெசியும் உள்ளூர அப்படித்தான் ஆசைப்பட்டாள். அவர் எடுக்கவில்லை. "நான் நானாகவே இருக்கிறன். அந்த அதிகாரத்தை மட்டும் எனக்குத் தாங்கோ" என்று கேட்டு என்னுடைய புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டார். தாய் இறந்த முப்பத்தோராம் நாள் ஒரேத்தோ வீதியில் இருந்த சைவச் சிநேகிதர் வீட்டில் படையல் வைத்தார்கள். அதுவரை நானும் நின்றேன். தாய்க்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பைச் சிவமே காய்ச்சினார். தாயை வீட்டில் செல்லமாகப் பொன்னம்மா என்று கூப்பிடுவார்கள் என்பதும், பாட்டுப் பாடிக்கொண்டுதான் மா அரிப்பா என்பதும் ஜெசிக்கே அன்றைக்குத்தான் தெரியவந்தது. இருட்டும் வரை அவர் கதைத்துக்கொண்டே இருந்தார். நாங்கள் கேட்டுக்கொண்டே இருந்தோம்.

இப்போது அந்த வுச்சீரியா வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். ஜெசியும் சிவமும் லிபெர்த்தாப் பக்கம் மாறிவிட்டார்கள். அப்போது எல்லாரும் அந்த இரண்டு அறைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு படுத்த நாட்கள் எனக்கு அடிக்கடி நினைவு வரும்.

போகிறவர்களுக்குச் சில சொற்கள். மொன்றேயாலேக் கோவில் மத்தியானத்தில் பூட்டிவிடும், காலையிலேயே போங்கள். தோள் தெரிகிற உடுப்போடு உள்ளே விடமாட்டார்கள். மார்ச் மாதம் குளிரும், ஒரு மேலங்கி வேண்டும். யோவான் நற்செய்தி சின்னப் புத்தகம்தான், ரோமிலிருந்து மெசினா போவதற்குள் நிதானமாகவே வாசித்து முடிக்கலாம். முதலாம் அதிகாரம் விளங்காவிட்டால் யோசிக்காதீர்கள், அது எல்லாருக்கும் உயரமான படிதான். பதினோராம் அதிகாரத்தில் மட்டும் அவசரப்பட வேண்டாம்.