சிவில் துறையின் சந்தனப் பொட்டு

எங்கள் பல்கலைக்கழகத்தின் பழைய பதிவாளர் ஒரு பொய்யர். வாய் தவறிச் சொன்ன பொய் இல்லை அது. யோசித்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு நிதானமாகச் சொன்ன பொய். அதை டைப் அடித்தவள் நான். அதனால்தான் இவ்வளவு தைரியமாகச் சொல்கிறேன்.

போன வாரம் தங்கை மகளின் வளைகாப்புக்குப் பேனர் அடிக்க அரியலூரில் ஒரு பிளெக்ஸ் கடைக்குப் போயிருந்தேன். அந்த மை வாசனை இருக்கிறதே, பிடிக்காத சொந்தக்காரர் மாதிரி. மூக்கைச் சுளித்தாலும் யாரென்று தெரிந்துவிடும். எனக்கு முன்னால் மெஷினிலிருந்து வேறொரு பேனர் இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் வழுக்கை வந்தது, அடுத்து கண்ணாடி, அடுத்து கும்பிட்ட கை. அதற்குக் கீழே, ‘பல்கலைக்கழகத்திற்கு ஒரே முகம் தந்த பதிவாளர் ஐயாவுக்குப் பாராட்டு விழா’.

“தெரிஞ்சவராக்கா?” என்றார் கடைக்காரர்.

“நல்லாத் தெரியும்” என்றேன். இருந்த எரிச்சலில் தங்கை மகளின் பெயருக்குப் பதில் தங்கையின் பெயரைச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஐம்பது வயதில் என் தங்கைக்கு வளைகாப்பு என்று பேனர் தயாராகி, அதை மாற்ற மறுபடி ஒரு நடை போனது தனிக் கதை.

பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். பெரம்பலூர்ப் பக்கத்துப் பருத்திக்காட்டில் கல்லூரியாக ஆரம்பித்து, வருடத்துக்கு ஒரு கட்டடமாக வளர்ந்து, ஒருநாள் பல்கலைக்கழகம் என்று போர்டு மாட்டிக்கொண்டது. கீழப்பழுவூரிலிருந்து இரண்டு பஸ் மாறி நான் வேலைக்குப் போவேன். அரியலூர் தாண்டும்போது சிமெண்டு லாரிகள் எழுப்பும் தூசியில் முகத்துக்குத் தனியாகப் பவுடரே தேவைப்படாது. தட்டச்சும் டி.டி.பி.யும் படித்திருந்ததால் பதிவாளர் அலுவலகத்தில் ஒரு கம்ப்யூட்டரையும் ஒரு முக்காலியையும் கொடுத்தார்கள். நாற்காலி மூன்றாவது வருடம்தான் வந்தது.

அந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு சின்னம் உண்டு. வட்டத்துக்குள் குத்துவிளக்கு, கீழே திறந்த புத்தகம், இரண்டு பக்கமும் நெற்கதிர். தாளாளரின் மச்சான் டிராயிங் மாஸ்டர். அவர் வரைந்தது. அழகென்று சொல்லமுடியாது, ஆனால் விளக்கு விளக்காகத் தெரியும். அந்த விளக்கு ஒவ்வொரு துறைக்கும் போய்ப் பட்ட பாட்டைத்தான் சொல்லவேண்டும். துறைக்கு ஒரு டைப்பிஸ்ட், துறைக்கு ஒரு ஜெராக்ஸ் மெஷின். பழைய நோட்டீஸிலிருந்து சின்னத்தைக் கத்தரித்து, பசை தடவி, புது நோட்டீஸில் ஒட்டி ஜெராக்ஸ் எடுப்பார்கள். அடுத்த வருடம் அதிலிருந்து கத்தரிப்பார்கள். நாலு வருடத்தில் விளக்கு பருத்துச் சட்டி ஆகிவிடும். கம்ப்யூட்டர் வந்த பிறகு நிலைமை இன்னும் மோசம். இடம் பற்றாவிட்டால் சின்னத்தை ஒரு பக்கமாகப் பிடித்து இழுப்பார்கள், வட்டம் முட்டையாகும். அது போதாதென்று துறைத்தலைவர்கள் ஆளுக்கொன்றைச் செருகினார்கள். கம்ப்யூட்டர் துறை புத்தகத்தை எடுத்துவிட்டு மானிட்டரை வைத்தது. உயிரித் தொழில்நுட்பத் துறை நெற்கதிரை முறுக்கிவிட்டு அதுதான் மரபணு என்றது. பார்த்தால் தீபாவளிப் பலகாரம்.

சிவில் துறையின் கதை தனி. ஆயுத பூஜை அன்று அந்தத் துறையில் கலவை மெஷின் முதல் அளவை நாடா வரை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். ஒரு வருடம் வாசல் போர்டில் இருந்த சின்னத்துக்கும் யாரோ வைத்துவிட்டார்கள், சரியாக விளக்குச் சுடருக்கு மேலே. துறைத்தலைவர் புதிதாக வாங்கிய கேமராவில் அதைப் படம் எடுத்தார். அடுத்த கோடையில் மேற்கு வெயில் பட்டு போர்டு உரிந்துபோக, திரும்ப எழுத பெயிண்டர் கலியபெருமாளைக் கூப்பிட்டார்கள். “மாதிரி குடுங்க சார்” என்று அவர் கேட்க, துறைத்தலைவர் அந்தப் பூஜைப் படத்தை எடுத்துக் கொடுத்தார். கலியபெருமாள் நேர்மையான மனிதர், இருப்பதை இருக்கிறபடி வரைவார். மஞ்சள் வட்டம், நடுவில் சிவப்பு. நல்லவேளை, படத்தில் போர்டுக்கு மாலை போட்டிருக்கவில்லை.

துறைத்தலைவர் தள்ளி நின்று பார்த்தார். “வெளக்குக்கு மேல சூரியன் மாதிரி அம்சமா இருக்குய்யா. வுட்டுடு” என்றார். அந்தப் போர்டைப் பார்த்தே துறையின் கடிதத்தாள் அச்சானது. சான்றிதழும் அதில்தான் வந்தது. தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் அந்தப் பொட்டை ‘அறிவு ஞாயிறு’ என்று விளக்கி ஆண்டு மலரில் ஒரு பக்கம் எழுதினார். படித்தவர்கள் கூடினால் ஒரு பொட்டுக்குக்கூடப் பொருள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இப்படி ஐந்தாறு வருடம் ஓடியது. திடீரென்று ஆய்வுக்குழு வருகிறது என்றார்கள். பதிவாளர் என்னைக் கூப்பிட்டு, “இங்க பாரும்மா, எல்லா டிபார்ட்மென்ட்லயும் லோகோ ஒரே அச்சா இருக்கணும். நீதான் பொறுப்பு” என்றார். அன்றிலிருந்து எனக்கு ‘லோகோ மேடம்’ என்று பெயர். மரியாதை எல்லாம் இல்லை, கேலிதான். சரியான சின்னத்தை ஒரு பிளாப்பியில் போட்டுக்கொண்டு கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கினேன். பாதி இடத்தில் பிளாப்பி திறக்காது, தூசி. திறந்த இடத்தில் மனிதர்கள் திறக்கமாட்டார்கள்.

மெக்கானிக்கல் துறைத்தலைவர் சண்டைக்கே வந்தார். “பல்சக்கரம் இல்லாம மெக்கானிக்கலாம்மா? மீசை இல்லாத அய்யனாரு மாதிரி இருக்கும்.”

“எல்லாருக்கும் ஒண்ணுதான் சார். ரிஜிஸ்ட்ரார் ஆர்டரு.”

“அப்ப அவரு ஸ்கூட்டர்ல ஒட்டிக்கச் சொல்லு.”

ஒருவழியாக ஒட்டினோம். போர்டுகளில் ஸ்டிக்கர் ஒட்டினோம், புதுத் தாள்கள் அடித்தோம். பழைய கடிதத்தாள், சான்றிதழ்த் தாள், ஆண்டு மலர் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக் கேண்டீன் பின்னால் போட்டு எரிக்கச் சொன்னார் பதிவாளர். நான் பக்கத்தில் நின்று, பறந்துபோன தாளைக்கூடத் துரத்திப் பிடித்து நெருப்பில் போட்டேன். அவ்வளவு கெட்டிக்காரி. ஆய்வுக்குழுவுக்கு ஓர் அறிக்கை போனது. ‘தொடக்கம் முதல் இன்றுவரை எல்லாத் துறைகளிலும் ஒரே சின்னமே பயன்படுத்தப்பட்டு வருகிறது’ என்று அதில் ஒரு வரி, கீழே பதிவாளர் கையெழுத்து. குழு வந்தது, முந்திரி தின்றது, பாராட்டிவிட்டுப் போனது. முந்திரி ஜெயங்கொண்டத்திலிருந்து தனி வண்டியில் வந்தது.

இரண்டு மாதம் கழித்து குவைத்திலிருந்து ஒரு பதிவுத் தபால் வந்தது. ஒரு கட்டுமானக் கம்பெனி அனுப்பியது. உள்ளே எங்கள் சிவில் துறை மாணவன் நிஜாமுதீனின் இரண்டு தாள்களின் நகல் இருந்தது. ஒன்று பட்டச் சான்றிதழ், அதில் விளக்கு மட்டும். இன்னொன்று, படிப்பை முடித்தபோது, நாங்கள் சின்னத்தை மாற்றுவதற்கு முன்பே, துறை கொடுத்த பயிற்சிச் சான்றிதழ். அதில் விளக்குக்கு மேலே பொட்டு. ஒரே பல்கலைக்கழகத்துக்கு எப்படி இரண்டு சின்னம், இரண்டாவது தாள் நீங்கள் கொடுத்ததுதானா என்று கேட்டிருந்தார்கள். கேட்டது நியாயம்தான்.

நிஜாமுதீன் லப்பைக்குடிக்காட்டுப் பையன். புராஜக்ட் ரிப்போர்ட் அடிக்க என்னிடம் வருவான், அக்கா அக்கா என்பான். அவன் தெருவில் அவன்தான் முதல் இன்ஜினியர். அவன் அப்பா அந்தக் குவைத் கம்பெனியிலேயே பல வருடமாக டிரைவர். மகனுக்கு இடம் கேட்டு வைத்திருந்தார்.

பதிவாளர் பதிலைச் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். ‘பொட்டுடன் கூடிய சின்னம் எங்கள் பல்கலைக்கழகத்துடையது அல்ல. அச்சான்றிதழ் எங்களால் வழங்கப்பட்டதல்ல.’ கை நின்றுவிட்டது.

“சார், இது நம்ம சிவில் லெட்டர்ஹெட்தானுங்க சார்.”

“அப்ப கமிட்டிக்கு நான் எழுதிக் குடுத்தது பொய்யாம்மா?”

“அதில்ல சார்... அந்தப் பையனுக்கு வேல போயிரும் சார்.”

அப்போதுதான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு, “ஒன் வேல லோகோவப் பாக்கறது. ஆளப் பாக்கறதில்ல. அடிம்மா” என்றார்.

அடித்தேன். இரண்டே வரி. பிழை இல்லாமல் அடித்தேன்.

ஒரு மாதம் கழித்து நிஜாமுதீன் ஒரு பிளாஸ்டிக் பையில் தாள்களோடு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றான். பயிற்சிச் சான்றிதழை எடுத்து வைத்தான்.

“அக்கா, நான் அஞ்சு வேளை தொழுவறவன்க்கா. இந்தப் பொட்ட நானாக்கா வெச்சிருப்பேன்?”

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக என்னை இன்னும் திட்டிக்கொள்கிறேன். பிறகு அவன் மெதுவாகச் சொன்னான். “அத்தாவ மேனேஜரு கூப்புட்டு, ஒம்மவன் கள்ள சர்ட்டிபிகேட் குடுத்திருக்கான்னு சொன்னாங்களாம். அத்தாதான் போன்ல, தாள எடுத்துக்கிட்டு நேருல போயிக் கேளுன்னாங்கக்கா.”

பதிலை அடித்தது நான்தான் என்று அவனிடம் சொல்லவில்லை. அவனைக் கூட்டிக்கொண்டு சிவில் துறைத்தலைவரிடம் போனேன். சூரியன் மாதிரி அம்சமா இருக்கு என்றாரே, அவரேதான். தாளை வெளிச்சத்தில் பிடித்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். “கையெழுத்து என்னுது மாதிரிதாம்மா இருக்கு. ஆனா லோகோ நம்முளுது இல்லியே” என்றார். மானமுள்ள மனிதன் சொல்கிற பேச்சா இது? உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம் அவருக்கும் இருந்தது, எனக்கும் இருந்தது. ஒரு பழைய தாள் இருந்திருந்தால் மேசையில் போட்டு, இது யாருடையது என்று கேட்டிருக்கலாம். எல்லாவற்றையும்தான் நின்று எரித்திருந்தேனே. அவனோடு படித்தவர்கள் தாளைக் கொண்டுவந்தாலும் அதையும் போலி என்பார்கள். வாசல் போர்டில் ஸ்டிக்கருக்கு அடியில் கலியபெருமாளின் பொட்டு இருக்கும் என்று நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். ஸ்டிக்கர் பெயிண்டோடு சேர்ந்து உரிந்து வந்துவிட்டது. போர்டைச் சேதப்படுத்தியதாக எனக்கு ஒரு மெமோ வந்தது.

மெமோவுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு, இன்னும் இரண்டு வருடம் அங்கேயே வேலை பார்த்தேன். என்னை நல்லவள் என்று நினைத்துவிடாதீர்கள்.

வேலையை விட்ட வருடம், இரண்டாயிரத்து ஏழு என்று நினைவு, பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நிஜாமுதீனைப் பார்த்தேன். தாடி வைத்திருந்தான். துறையூரில் ஒரு டைல்ஸ் கடையில் இருப்பு பார்க்கிறானாம். அவன் அப்பா குவைத்திலிருந்து திரும்பிவிட்டாராம், அங்கே முகம் கொடுத்து இருக்க முடியவில்லையாம்.

“வேற கம்பெனிக்கு முயற்சி பண்ணலாமேப்பா” என்றேன்.

“எதுக்குக்கா? டிரெய்னிங் தாளக் கேப்பாங்க, மறுபடி இவங்ககிட்டதான கேட்டு எழுதுவாங்க.” வாழைப்பழத்தை உரித்துப் பாதியை எனக்குக் கொடுத்தான். “இப்பல்லாம் யாராச்சும் படிப்பக் கேட்டா பன்னெண்டாவதுன்னு சொல்லிர்றேன். நிம்மதியா இருக்கு.”

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டான். பட்டம் உண்மை, படிப்பு உண்மை, பயிற்சிக்காக ஆறு மாதம் வெயிலில் நின்று கம்பி கட்டியதும் உண்மை. அத்தனையையும் அவனே தன் வாயால் இல்லை என்று சொல்லும்படி ஆகிவிட்டது.

இன்று போய்ப் பார்த்தால் அங்கே அந்த விளக்கே கிடையாது. சென்னையிலிருந்து ஒரு கம்பெனி வந்து விளக்கு, புத்தகம், கதிர் எல்லாவற்றையும் தூக்கிவிட்டு மூன்று நீலக் கோடுகள் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. சிவிலில் சேர ஆளில்லாமல் அந்தக் கட்டடத்தை மாணவியர் விடுதி ஆக்கிவிட்டார்கள். சூரியன் சொன்ன துறைத்தலைவர் இறந்துவிட்டார். கலியபெருமாள் எங்கே என்று தெரியவில்லை. இவை போனதற்காக நான் அழமாட்டேன். லப்பைக்குடிக்காட்டில் ஒரு தெருவுக்கு ஓர் இன்ஜினியர் இருந்தான். ஆள் இருக்கிறான், இன்ஜினியர் இல்லை.

பதிவாளர் ஐயா, அந்தப் பதிலை டைப் அடித்தவள் நான் என்று ஊரறிய எழுதிவிட்டேன். நிஜாமுதீன் என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். கையெழுத்துப் போட்டவர் நீங்கள். அந்தச் சான்றிதழ் உங்கள் பல்கலைக்கழகம் கொடுத்ததா, இல்லையா? எனக்குத் தனியாகப் போன் செய்ய வேண்டாம், ஆள் அனுப்பவும் வேண்டாம். இதே பத்திரிகையில், உங்கள் பெயரைப் போட்டு, பதில் எழுதுங்கள்.