படிக்கட்டை ஒட்டிய முதல் சீட்டு

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஒரு மாசி மாதத்தில் நடந்தது இது. மதுரையில் இருந்து உசிலம்பட்டி போகிற ரோட்டில் ஒரு விலக்கில் இறங்கி, உள்ளே இரண்டு மைல் போனால் எங்கள் ஊர். என் தோட்டத்தில் விளைகிற கத்தரிக்காயையும் கீரையையும் நானே கூடையில் கட்டி, காலை டவுன் பஸ்ஸில் கொண்டுபோய், பழங்காநத்தத்தில் ஒரு கடை ஓரமாகச் சாக்கை விரித்து விற்று வருவேன். இந்த வயதிலும் யாரிடமும் கையேந்தாமல் பிழைக்கிறவள் நான்.

அந்த டவுன் பஸ் எங்கள் ஊரோடு திரும்பிவிடும். கடைசி ஊராக இருப்பதில் எவ்வளவு சௌகரியம் என்று நடுவழியில் ஏறுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். எங்களுக்கு வண்டி காலியாக நிற்கும். டிரைவர் டீ குடித்து முடிக்கிறவரை கிளம்பாது. தராசை மறந்துவிட்டால் வீட்டுக்குப் போய் எடுத்து வரலாம், ஆரன் அடித்துக் கூப்பிடுவார். முன் படிக்கட்டை ஒட்டிய முதல் சீட்டு எனக்கு. காலடியில் கூடை, எதிரே பெரிய கண்ணாடி, ரோடு முழுக்கத் தெரியும். அடுத்தடுத்த ஊர்க்காரிகள் ஏறி, கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே என் சீட்டைப் பார்ப்பார்கள். அப்படிப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். பொய் சொல்ல மாட்டேன்.

எல்லாவற்றையும்விடப் பெருமை, பஸ்ஸின் நெற்றியில் எங்கள் ஊர் பேர். நான் இரண்டாவது வகுப்போடு நின்றவள். எதையும் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். தடுமாறாமல் வாசிக்கிற ஒரே எழுத்து அந்த போர்டுதான். எங்கள் ஊர் பேரைச் சுமந்துகொண்டு அது மதுரை முழுக்கச் சுற்றி வரும்.

எங்கள் ஊருக்கு அப்பால் வெறும் பொட்டல். ஆடு மேய்க்கப் போவதோடு சரி. அங்கே கவர்மெண்டு அடுக்கடுக்காக வீடு கட்டியது. மதுரையில் வாய்க்கால் கரையில் குடிசை போட்டிருந்தவர்களைக் கொண்டுவந்து குடிவைத்தார்கள். முதலில் தார் ரோடு எங்களைத் தாண்டிப் போனது. பிறகு லைட்டுக் கம்பம் போனது. அப்புறம் தண்ணீர்க் குழாய் போனது. அவர்களுக்கு அடுப்படிக்குள்ளேயே தண்ணீர் கொட்டுகிறது என்றார்கள். எங்கள் தெருவில் இன்றைக்கும் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்துக் கிடக்கிறோம். தலைமுறை தலைமுறையாக இருக்கிறவர்களுக்கு இல்லாதது, நேற்று வந்தவர்களுக்கு. எனக்கு வயிறு எரிந்தது.

கடைசியாக பஸ்ஸும் போனது. எங்கள் ஊரோடு திரும்பாமல் அந்தக் காலனி வரைக்கும் போய் வர ஆரம்பித்தது. போர்டில் எங்கள் பேரை எடுத்துவிட்டுக் காலனி பேரைப் போட்டார்கள். அதன்பிறகு காலையில் எங்கள் ஊருக்கு வருகிறபோதே வண்டியில் நிற்க இடம் இருக்காது. அடுத்த ஊர்க்காரிகளோடு நானும் கம்பியைப் பிடித்துத் தொங்கினேன். முழங்கால் வலி உயிர் போகும்.

என் சீட்டில் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். மடியில் ஒரு சிவப்புப் பை. டவுனில் ஏதோ ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கிற வேலை. தலையைக் கண்ணாடி ஓரம் சாய்த்துத் தூங்கிக்கொண்டே வருவாள். என் சீட்டில் உட்கார்ந்து ரோட்டைக்கூடப் பார்க்காமல் தூங்குகிறாளே என்று அதற்கும் சேர்த்து எரியும்.

ஒருநாள் எனக்கு யோசனை தோன்றியது. பெண்களுக்குத்தான் டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிடையாதே. காலையில் மதுரையில் இருந்து காலனிக்குப் போகிற வண்டியிலேயே எங்கள் ஊரில் ஏறிக்கொண்டேன். அந்த நேரத்தில் உள்ளே ஆளே இல்லை. முதல் சீட்டில் உட்கார்ந்து, கூடையைக் காலடியில் இழுத்துவைத்துக்கொண்டு மகாராணி மாதிரி காலனிக்குப் போனேன். அங்கே பெண்கள் வரிசையாக நின்றார்கள். முதல் ஆளாக நின்றவள் அந்தச் சிவப்புப் பைக்காரிதான்.

ஏறியவள் என்னைப் பார்த்துத் திகைத்துப்போனாள்.

"ஆத்தா, இருட்டோட வந்து வரிசையில நிக்கிறோம். வண்டிய விட்டு எறங்காம சீட்டப் புடிச்சா எப்பிடி?"

"இது எங்க ஊரு வண்டி. நீங்கள்லாம் இங்கிட்டு வாரதுக்கு முந்தியே இது என் சீட்டு."

"உங்க ஊரு வண்டியா? எறங்கிப் போயி போர்டப் பாத்துட்டு வாங்க. யாரு பேரு போட்ருக்குன்னு தெரியும்."

"உங்களுக்குப் பேரே நேத்துத்தானடி வச்சாக" என்றேன்.

பின்னால் நின்றவர்களில் சிலர் சிரித்துவிட்டார்கள். அவள் சிரிக்கவில்லை.

"எங்களுக்கும் ஊரு இருந்துச்சு ஆத்தா. வேலைக்கு நடந்தே போவேன், மத்தியானம் வீட்டுச் சோறு திங்க வந்துருவேன். இந்தப் பொட்டலக் குடுங்கன்னு நாங்களா போயிக் கேட்டோம்?"

கண்டக்டர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். "அப்பத்தா, உங்க ரெண்டு பேருக்கும் டிக்கெட்டு கெடையாது. சண்டைக்கு வேணா ஆளுக்கு ஒண்ணு கிழிக்கவா?"

இதற்குள் மற்றவர்கள் என் பக்கத்து இடம் உட்பட எல்லாச் சீட்டையும் பிடித்துவிட்டார்கள். அவள் மதுரை வரை என் தலைக்கு மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள். நின்றபடியே கண் அசந்து இரண்டு தடவை என்மேல் சாய்ந்தாள். நான் நகர்ந்துகொடுக்கவில்லை. சீட்டை ஜெயித்துவிட்டேன். ஆனால் அவள் சொன்ன போர்டுப் பேச்சு மட்டும் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. அவள் வீட்டுச் சோற்றைப் பற்றிச் சொன்னது காதில் விழுந்ததே தவிர, உள்ளே இறங்கவில்லை.

சாயங்காலம் காய் விற்றுத் தீர்ந்தது. காலனி பஸ் வந்து என் எதிரே நின்றது. நெற்றியில் அவர்கள் பேர். இன்றைக்கு இந்தப் பேரைச் சுமந்த வண்டியில் ஏறினால் நான் நான் இல்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், காசு கொடுத்து உசிலம்பட்டி பஸ் ஏறி, எங்கள் விலக்கில் இறங்கினேன். இரண்டு மைல்தானே, நடக்காத நடையா என்று நினைத்தேன்.

பாதி தூரம்கூடப் போகவில்லை. வலது முழங்கால் பிடித்துக்கொண்டது. ஓரடி எடுத்துவைக்க முடியவில்லை. வெளிச்சம் மசங்கிக்கொண்டு வந்தது. அந்தப் பக்கம் வீடு கிடையாது, கடை கிடையாது. காலனிக்கும் அதைச் சுற்றிப் போடுகிற பிளாட்டுக்கும் மண் அடிக்கிற டிப்பர் லாரிகள் மட்டும் ரோட்டை அடைத்துக்கொண்டு ஓடின. சின்னப் பாலத்தின் கட்டைச் சுவர் ஓரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்கப் பார்த்தபோது ஒரு லாரி ஒதுங்காமல் வந்தது. கையை ஊன்றிப் பின்னால் சாய்ந்தேன். என் கூடை சக்கரத்தில் அகப்பட்டு நொறுங்கியது. ஒரு முழம் தள்ளி நான். புழுதி அடங்கியபோது அந்த லாரி கண்ணுக்கே தெரியவில்லை. அப்போதுதான் பயம் வந்தது. நான் கட்டியிருந்தது கறுப்புச் சேலை. அடுத்த லாரிக்காரன் கண்ணிலும் படமாட்டேன்.

அடுத்து வந்தது லாரி இல்லை, பஸ். வெளிச்சம் என்மேல் அடித்தது, தாண்டியும் போனது. போச்சு என்று நினைத்தேன். கொஞ்ச தூரம் தள்ளிப் பிரேக் போடுகிற சத்தம் கேட்டது. முன் படிக்கட்டில் இருந்து ஒருத்தி குதித்து ஓடி வந்தாள். தோளில் சிவப்புப் பை.

"ஆத்தா, என்னாச்சு? அடி கிடி பட்ருச்சா?"

"கால் புடிச்சுக்கிருச்சு" என்றேன்.

அவள் என் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். ஆஸ்பத்திரியில் தூக்கிப் பழகிய கை, வலிக்கவே இல்லை. கண்டக்டரும் இறங்கி வந்தார். "நல்லவேள, இந்த அக்கா போட்ட சத்தத்துல டிரைவரு வெலவெலத்துப் போயிட்டாரு. எங்க யாரு கண்ணுலயும் நீங்க படல அப்பத்தா" என்றார்.

ஏறியதும் அவள் என்னை முதல் சீட்டில் உட்காரவைத்தாள். சீட்டு இன்னும் சூடாக இருந்தது. வழக்கம்போலத் தூங்கிக்கொண்டுதானே வந்திருப்பாள், எப்படிப் பார்த்தாள் என்று கேட்டேன்.

"காலையில நின்னுதான வந்தேன். சாயங்காலமாச்சும் இந்தச் சீட்டு கெடச்சுச்சேன்னு சந்தோசத்துல ரோட்டப் பாத்துக்கிட்டே வந்தேன்" என்றாள். குத்திக்காட்டுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை. எதிரே கண்ணாடியில் ரோடு முழுக்கத் தெரிந்தது. வேறு எந்தச் சீட்டில் உட்கார்ந்திருந்தாலும் அவள் என்னைப் பார்த்திருக்க முடியாது.

எங்கள் ஊரில் இறங்கும்போது, "காலையில நீயே மொதல்ல நம்ம ஊருல ஏறிக்க, நான் சீட்டப் புடிக்க அங்கிட்டு வரல" என்று சொன்னேன். நம்ம ஊர் என்று எதைச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அவள் தலையை ஆட்டினாள்.

இப்போது காலையில் வண்டி எங்கள் ஊருக்கு வரும்போது முதல் சீட்டில் சிவப்புப் பை இருக்கும். அவள் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வாள், நான் ஒட்டி உட்காருவேன். அவள் தூங்குவாள். என்மேல் சாய்ந்தால் சாயட்டும் என்று விட்டுவிடுவேன். பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. அவள் வீட்டுக் குழாயை நினைத்தால் இன்னும் எரிகிறது. அந்த போர்டையும் இன்றுவரை நான் வாய்விட்டு வாசித்ததில்லை. ஆனால் சாயங்காலம் வண்டி விலக்கில் திரும்பியதும், எவ்வளவு அசதியாக இருந்தாலும், பாலம் தாண்டுகிறவரை நான் கண்ணை மூடுவதில்லை. ரோட்டோரத்தில் யாராவது உட்கார்ந்திருக்கலாம். அதைப் பார்க்கத்தானே அந்தச் சீட்டு.